மார்கழி வாடையில் விட்டுவந்த 17 துண்டு வலை

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலரை மணிக்குத் தேவிபட்டினம் கரையிலிருந்து நண்டு வலை எடுக்கத் தனியாகப் போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், பின்பக்கம் பிளந்த படகோடும் கையில் வெட்டுக்காயத்தோடும் கரையேறினேன். அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. பகல் முழுக்க நல்ல வெயில். இதை எழுதக் காரணமே அந்த வெயில்தான். புயல் என்றால் யாரும் போகமாட்டோம்; பெயர் வைத்து, டிவியில் படம் போட்டுக் காட்டி, பாம்பனில் கூண்டு ஏற்றிச் சொல்லிவிடுகிறார்கள். வானம் வெளுத்துக் கிடக்கிற மார்கழி, தை நாட்களில் எங்கள் வடகடல், அதாவது பாக் விரிகுடா, என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் போல வெளியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பித் தொழிலில் இறங்குகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் கடற்காரன் மகன். ஆனால் பதினோரு வருடம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அப்பா இறந்த பிறகு, அம்மாவையும் பிள்ளைகளையும் விட்டுத் திரும்ப விமானம் ஏற மனம் வரவில்லை. கையில் இருந்ததைப் போட்டு, பழைய பைபர் படகு ஒன்றும் இன்ஜினும் வாங்கினேன். 24 துண்டு நண்டு வலை. அதில் இரண்டு துண்டு அப்பா தன் கையால் ஈயமும் மிதவையும் கோத்தது. சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறேன், வலை வளைக்கவும் நண்டு கழற்றவும் தெரியும். ஆனால் ஒன்றைப் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன். நான் போனதெல்லாம் சித்திரை, வைகாசிப் பள்ளிக்கூட லீவில். அந்த நேரத்தில் எங்கள் வடகடல் ஊருணி மாதிரி கிடக்கும். மார்கழியில் அப்பா என்னை ஒரு நாள்கூடப் படகில் ஏற்றியதில்லை. படிப்பு கெடும் என்று ஏற்றவில்லை என நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பன், ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. அதை வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பொங்கும், வடகடல் கரையோரம் அடங்கி இருக்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வாடையாகிவிட்டால் கதை தலைகீழ். வடகிழக்கே கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருக்கிற திறந்த வாசல் வழியாக வங்கக்கடல் காற்று நேரே எங்கள் மேல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அது மழையோடு வரும். மார்கழி, தையில் மழை ஓய்ந்த பிறகும் காற்று ஓயாது. வடக்கே குளிர்ந்த நிலப்பரப்பில் காற்றழுத்தம் கூடிக் கிடக்கும், தெற்கே வெதுவெதுப்பான கடலில் அழுத்தம் குறைந்திருக்கும்; அந்த வித்தியாசம் பெரிதாகும்போதெல்லாம் வாடை இறுகும். அதற்கு மேகமே வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழையும்போது வேகம் இன்னும் கூடும்.

இதோடு ஆழம் என்ற ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகடல் ஆழமில்லாத கடல், பெரும்பாலும் பத்து மீட்டர் சுற்றித்தான். நான் வலை போட்ட இடத்தில் மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி. ஆழக்கடலில் வரும் அலை நீளமாக, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும், படகுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆழமில்லாத கடலில் காற்று கிளப்புகிற அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றில் ஏறி மூக்கு இறங்குவதற்குள் அடுத்தது மேலே விழும். நாலைந்து விநாடிக்கு ஒன்று. தென்கடலில் பெரிய அலை பார்த்தவர்கள்கூட வடகடலின் ஒன்றரை மீட்டர் அலையில் தடுமாறுவதை இப்போது கண்ணால் பார்க்கிறேன். அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. ஆழமில்லாத கடல் என்றால் ஆபத்தும் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் வலை போட்டுவிட்டு வந்தேன். நண்டு வலையை மதியம் போட்டு மறுநாள் விடியலில் எடுப்பதுதான் வழக்கம். மழைத் தண்ணீர் இறங்கிக் கடல் கலங்கியிருந்ததால் அந்த வாரம் நண்டு நன்றாகப் பட்டது, மூன்று நாளாகக் கையில் காசு புரண்டது. அந்த மாதத் தொடக்கத்தில் வந்த காற்றழுத்தத் தாழ்வும் கரைந்து போய்விட்டது. டிவியில் கடல் செய்தியே இல்லை. ராத்திரி போனில் காற்றுப் படம் பார்த்தேன். எங்கள் பக்கம் 20 என்று காட்டியது. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்ன செய்துவிடும் என்று போனை வைத்துவிட்டேன். அது கிலோமீட்டர் இல்லை, நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 20 நாட் என்றால் 37 கிலோமீட்டர், அதுவும் சராசரி வேகம். வீச்சாக அடிக்கும்போது 50 வரை போகும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காததுதான் என் முதல் தவறு. எந்த ஆப் ஆனாலும் முதலில் அளவு எதில் காட்டுகிறது என்று பாருங்கள். அவசரத்துக்கு ஒரு கணக்கு: நாட்டை இரட்டிப்பாக்கிக் கொஞ்சம் கழித்தால் கிலோமீட்டர்.

அலை உயரத்திலும் இதே மாதிரி ஒரு குழி இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அலை என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைத்தான் போடுகிறார்கள். இடையில் ஒரு அலை அதற்கு இரண்டு மடங்கு வரைகூட எழும். நம் படகைக் கவிழ்க்கப் போவது அந்த ஒன்றுதான். வானிலை மையம் வியாழன் மதியமே மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது. மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55, கடலுக்குப் போக வேண்டாம் என்று. நான் புயல் செய்தியை மட்டும் தேடியதால் அது கண்ணில் படவில்லை. கூண்டும் ஏற்றவில்லை. கூண்டு இல்லையென்றால் கடல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்றுதான் கற்றேன். தினமும் மதியமும் இரவும் மீனவர் எச்சரிக்கையைத் தனியாகப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் கடல் நிலவரத்தை அலை உயரத்தோடு தருகிறது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் ஆப் தமிழிலேயே இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை என் கண்முன்னே நடந்தது. வியாழன் சாயங்காலம் நான் கரைக்கு வந்தபோது பக்கத்துப் படகு மாமா தன் வல்லத்துக்கு இரண்டாவது கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தள்ளி இருந்தவர்கள் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நாலரை மணிக்குப் போனபோது கரையில் ஒரு விளக்கு வெளிச்சம் இல்லை. வழக்கமாக என்னோடு வரும் சித்தப்பா மகனுக்குக் காய்ச்சல். அம்மா தூக்கத்தில் இருந்தார். மனைவியிடம் "வலையை எடுத்துட்டு வந்துர்றேன்" என்றேன், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, எப்போது வருவேன் என்றும் சொல்லவில்லை. ஒரு ஊரே கடலுக்குப் போகாத நாளில் நான் மட்டும் ஏன் போகிறேன் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கரையில் காற்றே இல்லை. தண்ணீர் சலசலவென்று காலை நனைத்தது, அவ்வளவுதான். இதுதான் எங்கள் கரையின் ஏமாற்று. ராத்திரியில் தரைக்காற்று மேற்கிலிருந்து வந்து கரையோரத்தில் வாடையைத் தடுத்து வைத்திருக்கும். வெளியே எழும் அலையை ஆழமில்லாத திட்டும் கடற்புல்லும் கரைக்கு வருமுன்பே அடக்கிவிடும். வெயில் ஏற ஏற தரைக்காற்று நின்று, பகல்நேரக் கடற்காற்று வாடையோடு சேர்ந்துகொள்ளும். காலை எட்டு ஒன்பது மணிக்கு மேல் இரண்டும் ஒரே திசை. அதனால் கரையில் நின்று கடலைக் கணிக்காதீர்கள். எனக்கு இப்போது கோடியக்கரைதான் கணக்கு. காற்று அங்கிருந்துதான் வருகிறது, அங்கே இறுகிவிட்டால் இங்கே வந்து சேர அதிக நேரம் ஆகாது.

ஏழு கிலோமீட்டர் போய், ஐந்தரை மணி வாக்கில் கொடி மிதவையைக் கண்டுபிடித்தேன். வலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடந்தது. தூரத்தில் இருக்கிற முனையிலிருந்து எடுத்தால் வீடு நோக்கி வந்தபடியே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, வடகிழக்கு முனையில் தொடங்கினேன். முதல் நான்கு துண்டு அருமையாக வந்தது. நீலக்கால் நண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஏழரை மணிக்குத் தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தது. எட்டு மணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. இன்னும் இருபது துண்டு கிடக்கிறது, அதில் அப்பா கோத்ததும் இருக்கிறது. இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பெரிய அலை படகைத் தூக்கி, நான் எடுக்க வேண்டிய வலை மேலேயே கொண்டுபோய்ப் போட்டது. இன்ஜின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

வலை எடுக்கிற திசையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைய நாள் கெட்டது இதில்தான். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்த முனையில் தொடங்க வேண்டும், அதாவது காற்றுக்குக் கீழ் முனையில். படகின் மூக்கு காற்றைப் பார்த்திருக்கும், எடுக்காத வலை முன்னால் இருக்கும், காற்று படகைப் பின்னால் தள்ளும், இன்ஜின் வலையிலிருந்து விலகியே இருக்கும். நான் செய்தது நேர் எதிர். காற்றை முதுகில் வைத்துக்கொண்டு வலையை நோக்கிப் போனேன். காற்றில்லாத நாளில் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் கோடையில் மட்டும் கற்றுக்கொண்டவனுக்கு இது தெரியவில்லை.

இன்ஜினைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடியில் (புரொப்பெல்லரில்) வலை சுற்றி, சூட்டில் நைலான் உருகி, தண்டோடு கல் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. ஒரு நூலைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. பின்பக்கம் குனிந்து கத்தியால் அறுத்தேன். படகு குதிக்கும்போதெல்லாம் முகம் தண்ணீருக்குள் போய் வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ குதியில் கத்தி நழுவி இடது உள்ளங்கையில் இறங்கியது. உப்புத்தண்ணீர் பட்டதும் கண் இருட்டியது. எப்படியோ முக்கால்வாசி அறுத்து எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் இன்ஜின் தலைக்கு மேல் இரண்டு அலை போய்விட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டதுதான் மிச்சம். அப்புறம் மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது வடிகட்டி முழுக்கக் கசடு. அமைதியான நாளில் டேங்க் அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் படகு குலுங்கும்போது மேலே கலங்கி வந்து அடைக்குமாம். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே டேங்கைக் கழுவி வடிகட்டி மாற்றிவிடுங்கள், ஒரு பிளக்கையும் பிளக் சாவியையும் பாலித்தீனில் சுற்றிப் படகிலேயே வையுங்கள். ஏசி கம்ப்ரசரைப் பிரித்து மாட்டின கை என்னுடையது. அந்தக் கையில் அன்று ஒரு பிளக் சாவி இல்லை.

நங்கூரம் போட்டேன். நிற்கவில்லை. அடியில் கடற்புல், கூடவே கயிறு மொத்தமே எட்டு பாகம். மூன்று பாகத் தண்ணீருக்கு எட்டு பாகக் கயிறு போதும் என்று நினைத்திருந்தேன். கயிறு குட்டையாக இருந்தால் அலை படகைத் தூக்கும்போதெல்லாம் நங்கூரத்தையும் சேர்த்துத் தூக்கும். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு, காற்று இறுகினால் ஏழு மடங்கு கயிறு வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையோடு தரையாகப் போய் நங்கூரம் கடிக்கும். முனையில் ஒரு கஜம் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது. போனை எடுத்தேன். சட்டைப்பையில் மெல்லிய காய்கறிப் பையில் சுற்றி வைத்திருந்தேன், உள்ளே தண்ணீர் நின்றது. அது எழவேயில்லை. லைஃப் ஜாக்கெட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மனதுக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது, இன்ஜின் மேல், காற்று மேல். பயம் எப்போது வந்தது என்றால் படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு அலை முழுசாக உள்ளே விழுந்தபோது. கழற்றி வைத்திருந்த நண்டெல்லாம் தண்ணீரோடு கிளம்பிக் கணுக்கால் அளவு வெள்ளத்தில் நீந்தித் திரிந்தது. ஒன்று கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது, வலிக்கவே இல்லை. அந்த நேரம் என் சின்ன மகளின் பள்ளிக்கூடப் பை ஜிப் அறுந்து போனது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வாய்விட்டு அழுதேன். அழுதபடியே வெட்டின ஐந்து லிட்டர் கேனால் தண்ணீர் இறைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது அப்பா எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தை, "மூக்கைக் காத்துக்குக் குடுத்துட்டா படகு பொழைச்சுக்கும்". படகில் ஏழு துண்டு ஈரவலை இருந்தது. அதை மொத்தமாகச் சுருட்டி, நங்கூரக் கயிற்றில் கட்டி, முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் தள்ளினேன். ஈரவலை தண்ணீருக்குள் பாரமாகக் கிடந்து இழுக்க, படகு மெல்லத் திரும்பி மூக்கைக் காற்றுக்குக் கொடுத்தது. அலை அப்புறமும் வந்தது, ஆனால் உள்ளே விழுவது பாதியாகக் குறைந்தது. வலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாளி, சாக்கு, நண்டுக் கூடை எதை வேண்டுமானாலும் கயிற்றில் கட்டி முன்னால் விடுங்கள். படகைப் பக்கவாட்டில் மட்டும் கிடக்க விடாதீர்கள்.

அப்படியே எட்டு மணி நேரம். வாடைக்காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கே பாயும், பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலுக்கே போகும். காற்றும் அதே பக்கம். கச்சான் காலத்தில் இன்ஜின் நின்றால் எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிவிடும் என்பார்கள். வாடை நம் கரைக்கே தள்ளும், அது ஒரு ஆறுதல். ஆனால் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியாது. நனைந்த சட்டையில் காற்று அடித்து அடித்துப் பதினொரு மணிக்கெல்லாம் பல் கிட்டியது, விரல் மடங்கவில்லை. கேனைப் பிடிக்க முடியாமல் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். குடிக்க அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. இப்போதெல்லாம் காற்று தடுக்கிற ஒரு மழைக்கோட்டு, ஒரு உலர்ந்த துண்டு, கொஞ்சம் கருப்பட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர் இல்லாமல் நான் படகில் காலை வைப்பதில்லை.

நாலு மணிக்குக் கரை தெரிந்தது. தெரிந்ததும் குதித்து நீந்திவிடலாம் என்று கை காலெல்லாம் துடித்தது. குதிக்கவில்லை, காரணம் புத்தி இல்லை, சோர்வு. ஆனால் அதுதான் சரியாம். கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், நடுவில் அலை உடையும் திட்டு இருக்கும். படகு மிதக்கிற வரைக்கும் படகுதான் நமக்குத் தெப்பம். வைகை வந்து விழுகிற இடத்துக்கு மேற்கே மணல்திட்டில் பின்பக்கம் மோதியது. இரண்டாவது மோதலில் பிளந்தது. காலி மண்ணெண்ணெய் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன், தண்ணீர் நெஞ்சளவு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கத்தி ஆள் கூப்பிட்டார். அவர் சேலையின் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டுத் துவட்டினார். "எந்த ஊரு தம்பி? வீட்டுக்குச் சொல்லிட்டியா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அன்று மதியம் வரை யாரும் தேடவில்லை. மூன்று மணிக்குத்தான் மனைவி பயந்து மாமா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். "எங்கன்னு தேடச் சொல்ல? ஒங்க வலை எங்க கெடக்குன்னுகூட எனக்குத் தெரியாதே" என்று அன்று இரவு கேட்டாள். இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது வலை கிடக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் போகிறேன். ஒன்பது மணிக்குள் வரவில்லை என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093, இரண்டு எண்ணும் அதே சீட்டில். போன் இரண்டு பாலித்தீன், ஒரு மூடி போட்ட டப்பா என்று மூன்று பாதுகாப்பில் இருக்கிறது.

மறுநாள் மாமா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். கையில் ஆறு தையல் போட்டிருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "நான் கயிறு கட்டுறதப் பாத்துட்டுத்தானப்பா போன. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒங்கப்பன் மவனுக்கு நான் என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடற்கரையில் இதெல்லாம் யாரும் வாயால் சொல்வதில்லை, பார்த்துத் தெரிந்துகொள்வது. பதினோரு வருடம் பார்க்காமல் இருந்தவனுக்கு அது தெரியாது என்பது அவர்களுக்கும் தோன்றாது, கேட்க வேண்டும் என்பது நமக்கும் தோன்றாது. எங்கள் கரையில் எல்லோருக்கும் 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போனது தெரியும், ரயிலோடு ஜனங்கள் போனது தெரியும். 2020ல் புரெவி பாம்பன் பக்கத்தில் வந்து நகராமல் நின்றதும், 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் பேச்சில் வரும். வெயிலடிக்கிற நாளின் வாடையைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அது ஒவ்வொரு வருடமும் வருவதால்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் கழித்துக் காற்று தணிந்ததும் மாமாவோடு போய்த் தேடினோம். 17 துண்டு வலையில் ஒன்றுகூட இல்லை, கொடி மிதவையும் இல்லை. அப்பா கோத்த இரண்டும் அதில் போயிற்று. துண்டு 1,500 என்று வைத்தாலும் 25,500 ரூபாய். இன்ஜின் பார்க்க 14,000, படகின் பின்பக்கம் பைபர் ஒட்ட 9,000, ஆற்றங்கரையிலிருந்து படகை ஏற்றிக்கொண்டு வர 4,500. மொத்தம் 53,000. இதோடு 23 நாள் தொழில் இல்லை, அதுவும் நண்டு நன்றாகப் படுகிற நாட்கள். கையில் காசில்லாமல் ஒரு நண்டு வியாபாரியிடம் 40,000 முன்பணம் வாங்கினேன். முன்பணம் வாங்கினால் நண்டு அவருக்கே போட வேண்டும், கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்து எடுப்பார். ஒன்றரை வருடம் அப்படிப் போட்டேன். இப்போது கூட்டிப் பார்த்தால் அந்த 30 ரூபாய் மட்டுமே வலையின் விலையைத் தாண்டிவிட்டது. வலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன நஷ்டம்? மாமாவின் வலையும் அதே ராத்திரி கடலில்தான் கிடந்தது. ஆறு நாள் கழித்துப் போய் எடுத்தார். பதினைந்தில் மூன்று போயிற்று, மற்றதெல்லாம் கிழிசலோடு வந்தது.

ஆகவே மார்கழி, தையில் வலையைக் கடலில் ராத்திரி தங்க விடுவதற்கு முன்னால் மறுநாள் காற்றைப் பார்த்துவிடுகிறேன். 15 நாட்டுக்கு மேல் போட்டிருந்தால் அன்றைக்கு வலையே இறக்குவதில்லை. 12 நாட் என்றால் பாதி வலை, கூட ஒரு ஆள், எட்டு மணிக்குள் கரை. தனியாகப் போவதே இல்லை. இது என் படகுக்கும் என் கைக்கும் நான் வைத்துக்கொண்ட அளவு. உங்கள் படகு பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வலையைப் போட்ட பிறகு காற்று ஏறிவிட்டால் அது கிடக்கட்டும் என்று அன்றே மனதில் கழித்து எழுதிவிட வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், எனக்கு இப்போதும் கஷ்டம்தான்.

இன்று மதிய அறிவிப்பில் காற்று ஏறுவதாகப் போட்டிருக்கிறார்கள், கோடியக்கரைப் பக்கம் 18 நாட் காட்டுகிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாயங்காலம் படகுக்கு இரண்டாவது கயிறு கட்டும்போது, திருப்பூர் வேலையை விட்டு வந்து இந்த ஐப்பசியில்தான் தொழிலுக்கு இறங்கிய ஒரு தம்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். கூப்பிட்டு நிறுத்தி, ஏன் கட்டுகிறேன் என்று சொன்னேன். அவன் வலை ஆறு துண்டு ஏற்கெனவே கடலில் கிடக்கிறதாம். அது கிடக்கட்டும்ப்பா என்றேன். ஒரு நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்னிடம் கயிறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான்.